புங்க மரத்தடியில் ஒரு கேள்வி

1989 மார்ச் வரைக்கும் நம் நாட்டில் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம்தான் அதை 18 ஆக்கியது.

ஓட்டு எப்போதோ ஒருமுறைதான் வரும். ஆனால் கிராமத்து வாக்காளர் பட்டியலில் பேர் ஏறிவிட்டால், கிராம சபையிலும் நீங்கள் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்தில் பல நாள் அது கூடும். பஞ்சாயத்தின் வரவு செலவை அங்கே எழுந்து கேட்கலாம்.

போன தடவை எங்கள் ஊர்க் கூட்டம் புங்க மரத்தடியில் நடந்தது. காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண் எழுந்தாள். கையில் நாலாக மடித்த தாள், விரல் நடுங்குகிறது. "எங்க தெரு மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு செலவாச்சுங்க? தொட்டியில இன்னும் ஏன் தண்ணி ஏறல?" ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். "நல்லா கேளு தாயி" என்றார் பின்னாலிருந்த பாட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் தோழிகள் மூன்று பேரைக் கூட்டி வருகிறாளாம். ஒருத்திக்கு இன்னும் 17தான். பரவாயில்லை, 17 முடிந்தாலே வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம்.