அழ வைப்பது மட்டும் பாடமல்ல



ஜெர்மனியில் பள்ளி மாணவர்களை நாஜி வதை முகாம் நினைவிடங்களுக்கு அழைத்துச் செல்வது படிப்பின் ஒரு பகுதி. பவேரியா மாநிலத்தில் கிம்னாசியம், ரியால்ஷூலே வகைப் பள்ளிகளில் அது கட்டாயம். அழைத்துப்போன ஆசிரியர்கள் திரும்பியதும் பேசிக்கொள்கிறார்கள்: பிள்ளைகள் மனதில் ஏதாவது பதிந்ததா? சிலர் அழுதார்கள், சிலர் செல்ஃபி எடுத்தார்கள். அழுதவர் கற்றுக்கொண்டார், மற்றவர் கற்கவில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது என்கிறேன்.

1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்களின் விவாதத்திலிருந்து ஒரு நெறி பிறந்தது. ஆசிரியர் தன் கருத்தைத் திணித்து, மாணவர் தானாக முடிவெடுப்பதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. நினைவிடத்துக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளையைக் குவிந்து கிடக்கும் காலணிகளின் முன் நிறுத்தி வாயடைக்க வைப்பது எளிது. ஆனால் வாயடைத்தவர் கேள்வி கேட்க மாட்டார்.

ஆஷ்விட்ஸில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். இந்த எண்ணை மட்டும் சொன்னால் மாணவர் மனதில் ஓர் அரக்கன்தான் வருவான். அரக்கன் செய்தான் என்றால் கதை முடிந்தது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே பயணத்தை விஷவாயு அறையில் தொடங்காதீர்கள். தெருவில் தொடங்குங்கள். பெர்லினில் பவேரியக் குடியிருப்பு என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள விளக்குக் கம்பங்களில் 1993இல் ரெனாட்டா ஸ்டி, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் சாதாரணப் படம். மறுபக்கம் யூதர்களுக்கு எதிரான ஓர் ஆணை. இந்தச் சதுக்கத்தில் யூதர்கள் மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சுகளில் மட்டுமே உட்காரலாம். உணவுப் பொருட்களை மாலை 4 முதல் 5 மணிக்குள் மட்டுமே வாங்கலாம். வீட்டில் செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது.

சாதியை எதிர்க்கும் நமக்கு இந்த வாசகங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. பெஞ்சுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவர் யார்? 5 மணி ஆனதும் பொருள் தர மறுத்த கடைக்காரர் யார்? அதே தெருக்காரர்தானே!

பள்ளிக்கூடத்தின் பங்கு என்ன? 1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூத ஆசிரியர்கள் பலரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. அதே மாதம் 25ஆம் தேதிச் சட்டம் யூத மாணவர்களின் புதிய சேர்க்கைக்கு 1.5 விழுக்காடு என வரம்பு போட்டது. 1938 நவம்பரில் எஞ்சியிருந்த பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றினார்கள். 1936க்குள் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 97 விழுக்காட்டினர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். ஊனமுற்றோரைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் புத்தகத்தில் கேள்வி இருந்தது. ஹடாமர் மனநலக் காப்பகத்தில் 1941இல் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கரும்பலகைக்கும் ஹடாமருக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பதற்குத்தான் ஓர் ஆசிரியர் அங்கே போக வேண்டும்.

படுகொலையை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று வான்சே மாளிகையில் கூடியவர்கள் 15 பேர். பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். இன்று அது நினைவிடம். அரசு ஊழியர், செவிலியர் என்று தொழில்வாரியாக அங்கே கருத்தரங்குகள் நடக்கின்றன. தம் தொழிலில் இருந்தவர்கள் அன்று செய்ததை ஆவணங்களில் படிக்கிறார்கள். ஆசிரியர்களும் அப்படித் தம் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வேறு விதமான ஆசிரியரும் இருந்தார். தெரேசியன்ஸ்டாட் கெட்டோவில் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1944இல் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். பிள்ளைகளின் 4,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று. நினைவுகூரும் உரிமையும் போராடிப் பெற்றதுதான். 1980 ஏப்ரலில் சிந்தி மக்கள் டாக்காவ் நினைவிடத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் மக்களுக்கு நடந்ததும் இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மன் அரசு ஏற்றது 1982இல்தான். பெர்லினில் சிந்தி, ரோமா மக்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 2012இல். எந்த நினைவிடத்துக்குப் போனாலும், இங்கே இன்னும் பெயர் சொல்லப்படாதவர் யார் என்று மாணவர் தேடட்டும்.

திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் அழாவிட்டால் பரவாயில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அந்தக் காலத்தில் நம் பள்ளியில் யார் ஆசிரியர்? வெளியேற்றப்பட்ட பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். பதிவேட்டை எடுத்து அவர் முன் வையுங்கள்.