பெயர் யாருக்குச் சொந்தம்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நம் வாலிபர்களிற் பலர் சொந்தத் தொழில் தொடங்க முன்வருகின்றனர். மகிழ்ச்சிக்குரிய விஷயம். பெயர் வைக்கும்போது நாம் புராண இதிகாசங்களையே நாடுகின்றோம். சீதையின் பெயரிலே புடைவைக் கடை. நளன் பெயரிலே சாப்பாட்டுக் கடை. அநுமான் பெயரிலே லொறிச் சேவை. இவர்கள் எவருடைய தனிச்சொத்துமல்லர், ஆகவே பயமில்லை என்று எண்ணுகின்றோம். இது பாதி உண்மையே.

பதிப்புரிமை வேறு, வியாபாரக் குறி வேறு. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளோடு மேலும் 70 ஆண்டுகள் நிலைக்கும். பின்னர் நூல் பொதுவுடைமையாகும். வியாபாரக் குறியோ 10 ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுமாயின் முடிவின்றி வாழும். 1928இல் வெளிவந்த மிக்கி மௌஸ் படமொன்று 2024 ஜனவரியில் அமெரிக்காவிலே பொதுவுடைமையாயிற்று. ஆயினும் அந்த எலியின் பெயரும் உருவமும் வால்ட் டிஸ்னி கம்பெனியின் வியாபாரக் குறிகளாகவே இருக்கின்றன. அக்கம்பெனியின் சரக்கென்று சனங்கள் மயங்கும்படி ஒருவர் பெயர்ப்பலகை தொங்கவிட்டால் வழக்கு வரும்.

இன்னொரு வழக்கையும் கேளுங்கள். பாட்னா நகரத்து ஊதுபத்தி வியாபாரி ஒருவர் ‘ராமாயண்’ என்ற சொல்லைத் தமது குறியாகப் பதிய விரும்பினார். மற்றொருவர் ஆட்சேபித்தார். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சமய நூலின் பெயரைத் தனியே ஒருவர் தமக்கே உரியதாக்க முடியாதென்று 2015இல் அம்மன்று தீர்ப்பளித்தது. வேறு சொல் சேர்ந்து, அது சமய நூலைக் குறிக்கும் தன்மையை இழக்குமாயின் பதிவுக்கு ஆலோசிக்கலாம் என்றும் கூறிற்று. அதே நகரிலே இருபதுக்கு மேற்பட்ட வியாபாரிகள் அச்சொல்லை வழங்கி வந்தமையும் அவருக்குப் பாதகமாயிற்று. அத்தீர்ப்பு நம் நாட்டு மன்றுகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் நமக்கு நல்ல பாடம்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை எவை? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதால் மட்டும் வியாபாரக் குறியின் உரிமை கிடைப்பதில்லை. பலகை எழுதுவதற்கு முன், பைகள் அச்சிடுவதற்கு முன், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், அதே வகைப் பொருளுக்கு அப்பெயர் முன்பே பதிவாகியுள்ளதா என்று விசாரித்தல் வேண்டும். விசாரியாது விட்டால், பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரை ஒரே கடிதத்தால் இழக்க நேரிடலாம். அடுத்து, பழம் பெயரோடு நம் ஊரையோ குடும்பத்தையோ குறிக்கும் சொல்லொன்றைச் சேர்த்துக்கொள்வோம். அயலவரும் அதே பாத்திரத்தின் பெயரை நாடினால், நம்மை வேறுபடுத்திக் காட்டுவது அச்சொல்லே.

இராமன் எல்லார்க்கும் பொது. அவன் பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. அப்பெயருக்கேற்ற நிறையும் விலையும் கடைக்குள்ளே வைத்திருப்பதே அரிது. அந்த நாணயத்தை நாம் பேணுவோமாக.