தோல் எனும் காவல் அரண்



கூழானாலும் குளித்துக் குடிக்கச் சொன்ன மரபு நம்முடையது. 2003-இல் சார்ஸ் நோயும், 2020-இல் கொவிட் நோயும் பரவியபோது, கை கழுவும் பழக்கம் மேலும் வலுப்பெற்றது. இது போற்றத்தக்கதே. ஆயினும், கிருமிகளைக் கொல்லும் மருந்து கலந்த சவர்க்காரமே சிறந்தது என்னும் எண்ணமும் பல இல்லங்களில் வேரூன்றிவிட்டது. அது சரிதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

தோல் வெறும் போர்வை அன்று, காவல் அரண். தீங்கற்ற நுண்ணுயிர்கள் அதன்மேல் வாழ்ந்து, தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுக்கின்றன. தோலினுள்ளே காவல் உயிரணுக்கள் உள்ளன. அவற்றை 1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர் கண்டறிந்தார். அயற்பொருள் நுழைந்தால், அச்செய்தியை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசெல்வது அவற்றின் பணி. எனவே, தோலில் நாள்தோறும் பூசப்படும் வேதிப்பொருள் நோய் எதிர்ப்பாற்றலையும் தொடக்கூடும்.

டிரைக்ளோசான் என்னும் கிருமிக்கொல்லி இதற்குத் தக்க சான்றாகும். மருத்துவமனைகளில் பயன்பட்ட அது, பின்னர் வீட்டுச் சவர்க்காரங்களிலும் கலக்கப்பட்டது. தோல்வழியே அது உடலுள் செல்கிறது. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் அதனைப் பூசி, கோழிமுட்டை வெண்கருவின் புரதத்தையும் உடலுள் செலுத்தினர். புரதம் மட்டும் பெற்ற எலிகளைவிட, இவ்வெலிகளிடம் ஒவ்வாமை மிகுந்து காணப்பட்டது. அதற்கு முன்னரே, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று, சிறுநீரில் டிரைக்ளோசான் மிகுந்திருந்த 18 வயதுக்குட்பட்டோரிடம் ஒவ்வாமை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இது தொடர்பையே காட்டுகிறது, காரணத்தை மெய்ப்பிக்கவில்லை. எனினும், குழந்தைகளைப் பேணும் பெற்றோர் இதனைப் புறக்கணித்தலாகாது.

2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைப் பொதுமக்களுக்கான கிருமிக்கொல்லிச் சவர்க்காரங்களில் கலக்கலாகாது என ஆணையிட்டது. சாதாரண சவர்க்காரத்தையும் நீரையும்விட அவை மேலானவை என்பதையோ, நெடுங்காலம் நாள்தோறும் பயன்படுத்தத் தீங்கற்றவை என்பதையோ உற்பத்தியாளர்கள் நிறுவவில்லை என்பதே காரணம்.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? சாதாரண சவர்க்காரம் தேய்த்து 20 விநாடி கை கழுவினாலே போதும். சவர்க்காரம் அழுக்கையும் கிருமிகளையும் தோலிலிருந்து பெயர்க்கிறது. ஓடும் நீர் அவற்றை அகற்றுகிறது. பச்சிளங் குழந்தையின் குளியல் நீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடுவது நன்று. அத்தகைய திரவங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. கடையில் வாங்கும்முன் உறையில் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலைப் படித்தறிதல் வேண்டும்.

அதே வேளையில், அறுவைச் சிகிச்சைக்கும் புண்ணுக்கும் மருத்துவரோ தாதியரோ பரிந்துரைக்கும் கிருமிநாசினியைத் தவிர்த்தல் கூடாது. அங்கே அது மருந்து. தேவையின்றி நாள்தோறும் பூசும்போதுதான் சிக்கல்.

தூய்மை வேறு, கிருமிக்கொல்லி வேறு என்பதை உணர்ந்து, இயற்கை அளித்த அரணை நாமே சிதைக்காமல் காப்போமாக.