நுண்கணித வகுப்புக்குச் செல்லும் பிள்ளையும் வீட்டாரும்



கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கும் செல்லும் அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் அங்கே சந்திக்கும் பாடங்களுள் ஒன்று நுண்கணிதம். பொறியியல் போன்ற துறைகளை நாடுவோர் இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். பள்ளியில் கணக்கில் முதலாவதாக நின்ற பிள்ளைகூட, அங்கே போன சில வாரங்களில், "எனக்கு மூளை போதாது" என்று மனம் ஒடிந்துவிடுவதுண்டு. அது மூளையின் குறை அன்று. அந்த வகுப்பு மாணவரிடம் எவற்றை எதிர்பார்க்கிறது என்பது பிள்ளைக்கும் தெரியாமல், வீட்டாருக்கும் தெரியாமல் போவதே பெரும்பாலும் காரணம். அவற்றை இன்று பார்ப்போம்.

முதலில், நுண்கணிதம் என்றால் என்ன? மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைக் கணக்கிடும் முறை அது. ஒருவர் காலை 8 மணிக்குள் 20 கிலோ கொழுந்து எடுத்துவிட்டார். 10 மணிக்குள் அது 50 கிலோ ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 30 கிலோ. சராசரியாக மணிக்கு 15 கிலோ. இது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கே தெரிந்த கணக்கு. ஆனால் சரியாக 9 மணிக்கு அவருடைய கை எந்த வேகத்தில் ஓடிற்று? செடியும் சரிவும் மாற மாற, வேகமும் மாறுமல்லவா? அந்த ஒரு கணத்தின் வேகத்தைக் காண்பது வகையீடு. கணத்துக்குக் கணம் இருந்த வேகம் தெரிந்தால், அதைக் கொண்டு மொத்த எடையைக் காண்பது தொகையீடு. இவ்விரண்டுமே நுண்கணிதத்தின் உயிர்நாடி.

இப்பாடம் எதிர்பார்க்கும் முதலாவது, அடித்தளம். நுண்கணிதம் ஐந்தாம் படிவத்துக் கூடுதல் கணிதத்திலேயே தொடங்கிவிடுகிறது. நான்காம் படிவத்தில் பிள்ளை முதல் சோதனையில் குறைந்த புள்ளி வாங்கியதும், "கடினமாக இருந்தால் விட்டுவிடு" என்று அன்போடுதான் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லால் பல துறைகளின் கதவுகள் பதினாறு வயதிலேயே அடைபட்டுவிடுகின்றன. மேலும், நுண்கணிதத்தில் தவறும் பிள்ளைகளைக் கவனித்தால், பழைய கணக்கில்தான் பெரிதும் தவறுகிறார்கள். அடைப்புக்குறியை நீக்கும்போது குறி மாறுகிறது. பின்னத்தைச் சுருக்கும்போது பிழை வருகிறது. ஆகவே கல்லூரிக்குப் போகுமுன் கிடைக்கும் விடுமுறையில் இயற்கணிதத்தைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, காலம். எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. கணிதப் பாடத்தில் இரண்டாம் பருவத்துத் தாள் முழுவதும் நுண்கணிதம். பாடப்பணிக்குத் தனியே 20 விழுக்காடு புள்ளி உண்டு. மெட்ரிகுலேஷனின் ஓராண்டுத் திட்டமோ இரண்டே பருவங்களில் முடிந்துவிடும். கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடலாம் என்னும் பழைய வழக்கம் இங்கே எடுபடாது.

மூன்றாவது, வருகை. நாட்டின் பல உயர்கல்விக் கூடங்களில், வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்காவது வராத மாணவர் தேர்வு எழுத முடியாது. பகாங் மெட்ரிகுலேஷன் கல்லூரி குவாந்தானை அடுத்த கம்பாங்கில் இருக்கிறது. தானா ராத்தாவிலிருந்து அங்கே போய் வருவதற்கே நாள் கழிந்துவிடும். தோட்டத்துத் திருவிழாவுக்கும், உறவினர் திருமணத்துக்கும் பிள்ளையை வரவழைத்தால், விட்டுப்போன பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம் ஏறி நிற்கும். நோய் என்றால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் துக்கம் என்றால் உடனே விரிவுரையாளரிடம் சொல்லி, எழுத்து மூலமும் கொடுத்துவிட வேண்டும். சொல்லாமல் வந்துவிடுவதுதான் வம்பு.

நான்காவது, மொழி. தமிழில் தொடங்கிய பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, மெட்ரிகுலேஷனில் ஆங்கிலத்தில் கேட்கிறது. தமிழில் வகையீடு, மலாயில் பெம்பெசாஆன், ஆங்கிலத்தில் டிஃபரன்சியேஷன். தொகையீடு, பெங்காமிரான், இன்டிகிரேஷன் ஆகிய மூன்றும் அவ்வாறே ஒன்றுதான். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தி கிழித்து, புதிய சொல் வரும்போதெல்லாம் மூன்று மொழியிலும் எழுதி வந்தால் பாதிப் பயம் தெளியும்.

ஐந்தாவதும் முக்கியமானதும், கூடிப் படித்தல். அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 1970-களில், கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோற்றுவந்தார்கள். வறுமை, வீட்டில் ஊக்கமின்மை, முயற்சியின்மை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்பவர் கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன மாணவர் 20 பேரையும், அவர்கள் படிக்கும் இடத்துக்கே சென்று கவனித்தார். சொன்ன காரணங்கள் எவையும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு 8 மணி நேரம், சொன்னபடியே, தனித்தனியே உழைத்தார்கள். சீன மாணவர்களோ 14 மணி நேரம் உழைத்தார்கள். தனியே செய்து பார்த்தபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். பிறகு டிரைஸ்மன் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கறுப்பின மாணவர்களைக் குழுவாக அமர்த்தினார். அவர்களுடைய தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

நேயர்களே, நம் பிள்ளைகளும் அடக்கமானவர்கள். கேட்டால் சிரிப்பார்களோ, தோட்டத்துப் பிள்ளை என்று இளப்பமாக எண்ணுவார்களோ என்று கூசி, அறையில் தனியே உட்கார்ந்துவிடுவார்கள். அடக்கம் நல்ல குணம். ஆனால் கணக்குப் புரியாத இடத்தில் வாய் திறவாமல் இருப்பது அடக்கம் ஆகாது. நிரையில் ஒருவர் பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரர் கைகொடுப்பதில்லையா? அதுபோல மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படிக்கவும், பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்கவும் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டாருக்கு நுண்கணிதம் தெரிய வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசும்போது, "எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்காமல், "இந்த வாரம் யாரோடு சேர்ந்து படித்தாய்? புரியாததை யாரிடம் கேட்டாய்?" என்று கேளுங்கள். முதல் சோதனையில் புள்ளி குறைந்தால், "திரும்பி வந்துவிடு" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பருவம் முடிய இன்னும் வாரங்கள் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள விரிவுரையாளரும் இருப்பார்.