உடுத்தும்படி கொடுங்கள்

  

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புயல், வெள்ளம், தீ விபத்து எது நடந்தாலும் முதலில் ஓட வேண்டிய துறை அது. இல்லாதவருக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இதற்கு வழிகாட்டி நம் மண்ணிலேயே இருக்கிறார். 1993 வரை நம் விழுப்புரம், திண்டிவனம், வடலூர் எல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்த வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார், பசித்தவருக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். எண்பது காணி நிலம் ஊர்மக்கள் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அந்த அடுப்புக்கு வயது ஒன்பது. அந்தப் பஞ்சத்தைப் பார்த்த பிறகு ஓடிப்போய் மூட்டியதல்ல. நான் அங்கே பலமுறை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எந்த ஊர், என்ன சாதி, ஏன் வேலைக்குப் போகவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. பசி என்று வந்தால் இலை போடுவார்கள். சோறு போடுவதில் இந்த மரியாதையை நாம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். துணி கொடுப்பதில் இன்னும் கற்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஒரு வடகிழக்குப் பருவம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் பெரும்பகுதி ஒரே நாளில் கொட்டியது. தென்பெண்ணை கரை மீறி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் நின்றது. நான் ஓய்வு பெற்றிருந்தாலும் மனம் கேட்கவில்லை. நிவாரண முகாமாக மாறியிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வெளியூர்களிலிருந்து வந்த துணி மூட்டைகள் ஒரு மூலையில் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. பிரித்தால், கொக்கி அறுந்த ரவிக்கை, அக்குள் கிழிந்த சட்டை, ஜரிகை வைத்த கல்யாணக் கோட்டு. ஈரப் புடவையோடு நின்ற ஓர் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இதக் கட்டிக்கிட்டு எப்படி சார் நாலு பேர் முன்னால நிக்கிறது?" என்றார். வீடு போய், பாத்திரம் போய், ரேஷன் கார்டு போய் நிற்கிற மனுஷி அவர். எதையும் வாங்கிக்கொள்ளாமல் ஈரத்தோடே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் காலை உங்கள் வயதுப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். மூட்டைகளைக் கொட்டி, உடுத்தக்கூடியதை மட்டும் எடுத்து, ஆள்வாரியாக, அளவுவாரியாகச் சாப்பாட்டு மேசைகளில் அடுக்கினார்கள். புடவைக்கு உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்த்து வைத்தார்கள். யாரும் நன்கொடையாக அனுப்ப நினைக்காத உள்ளாடை, நாப்கின், துண்டு எல்லாவற்றையும் கைக்காசு போட்டுப் புதிதாக வாங்கி வந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். செல்போனில் படம் எடுக்க வந்தவர்களை உள்ளே விடவில்லை. துணிக்கடையில் எடுப்பதுபோல அவரவர் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் திரும்பிப் போன அந்த அம்மா ஒரு பச்சைப் புடவை எடுத்தார். என் பணிக்காலத்திலும் அதற்குப் பிறகும் நான் பார்த்த நிவாரணங்களில் அதுதான் சிறந்தது.

2004 சுனாமியின்போதும் தமிழ்நாட்டுக் கடற்கரைச் சாலைகளில் பழந்துணி லாரி லாரியாக வந்து குவிந்து வீணாகக் கிடந்தது. அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்புதான் அதைப் பொறுக்கி, பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றியது. துணி என்பது மானம் என்று இடைவிடாமல் சொல்லி வந்தவர் அவர். 2015-ல் மகசேசே விருது பெற்றார். எம்.ஜி.ஆர். 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் பொங்கலுக்குத் தருவது புதுத்துணி. அதில் நெசவாளிக்கும் வேலை இருக்கிறது. ஏழைக்குப் பழசு போதும் என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நினைக்கவில்லை.

கொடுப்பவர் யார் என்றே தெரியாமலும் கொடுக்கலாம். நான் படித்த காலத்தில் விடுதியில் என் அறைத் தோழனிடம் இரண்டே சட்டைகள். ஒருநாள் அவன் கட்டிலில் புதுச் சட்டை ஒன்று, அவன் அளவுக்குத் தைத்து, மடித்து வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அதை அணிந்துகொண்டுதான் அவன் முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் போனான். அந்த வேலை கிடைத்தது.

அப்படி முகம் தெரியாமல் கொடுக்க இன்னொரு வழி உண்டு. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் 2017-ல் 'அன்புச் சுவர்' வைத்தார்கள். இருப்பவர் துணி வைக்கலாம், வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை நீங்கள் நடத்த முடியும். வைப்பதோடு விட்டால் ஒரே மாதத்தில் அது குப்பை மேடாகிவிடும். வாரம் ஒருமுறை பிரித்து அடுக்க ஆள் வேண்டும். மரக்காணம் உப்பளத் தொழிலாளி, ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பம் என ஊருக்குள் வராதவர்களிடம் கொண்டுபோகவும் ஆள் வேண்டும்.

வருகிற போகிக்குப் பழந்துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தாதீர்கள். நல்லதை எடுத்துத் துவையுங்கள், பொத்தான் இல்லையென்றால் தையுங்கள், இஸ்திரி போடுங்கள், அளவை ஒரு சீட்டில் எழுதிக் குத்துங்கள். கூடவே புதிய உள்ளாடை ஒன்று வாங்கி வையுங்கள். இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்துக்கு இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.