தெர்மோஸ்டாட் கற்பித்த பாடம்



பட்டுக்குப் பெயர்போன ஆரணி வேறு. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றின் கரையிலுள்ள எங்கள் ஆரணி வேறு. கத்திரி வெயிலில் வீட்டைக் குளிர்விக்க வழி தேடும் ஊரினன் நான். வீட்டைச் சூடாக்கும் கருவியைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் உண்டு.

ஓய்வு பெற்றபின் ஒரு மார்கழியில், லண்டன் மாநகரின் ஈஸ்ட்ஹாம் பகுதியில் உள்ள என் மகனுடைய இல்லத்தில் நானும் என் மனைவியும் தங்கியிருந்தோம். அங்கே வீட்டுக்கு ஒரு கொதிகலன் உண்டு. எரிவாயுவால் சூடேறிய நீர், குழாய்களின் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள இரும்புத் தகட்டுப் பெட்டிகளுக்குள் ஓடி, அறையை வெதுவெதுப்பாக்குகிறது. எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று கொதிகலனுக்கு ஆணையிடுவதே தெர்மோஸ்டாட்.

அதன் பழைய வடிவம் எளியது. பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஈருலோகப் பட்டை ஒன்றைச் சூடாக்கினால், பித்தளை மிகுதியாக விரிவதால் பட்டை இரும்பின் பக்கமாக வளையும். அந்த வளைவு மின்சுற்றைத் திறக்கும். குளிர்ந்தால் மீண்டும் மூடும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இதே தத்துவந்தான்.

இவ்வரலாற்றில் ஓர் ஆசிரியருக்கும் இடமுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர் வாரன் ஜான்சன். அறை குளிர்கிறதா, கொதிக்கிறதா என்று பார்க்கப் பணியாள் அடிக்கடி வகுப்பினுள் நுழைவதால் பாடம் தடைப்பட்டது. அதனைத் தவிர்க்க அவர் அமைத்த மின்கருவிக்கு 1883ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது.

என் மகன் வீட்டில் பழைய தெர்மோஸ்டாட் நடைவழிச் சுவரில் இருந்தது. குளிரோ, என் மனைவி உறங்கும் பின்னறையில்தான் மிகுதி. ஆகவே கம்பியில்லாக் கருவி ஒன்றை வாங்கினோம். அதற்கு இரு பகுதிகள். ஒன்று, மின்கல அடுக்கில் இயங்கி, அறையின் வெப்பநிலையை அறிந்து வானொலி அலையால் செய்தி அனுப்புவது. மற்றொன்று, கொதிகலனருகே இருந்து அச்செய்தியைப் பெற்று மின்சுற்றை மூடுவது. உணரும் பகுதியைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயிலோ, வெப்பப் பெட்டியின் அனலோ, கதவிடுக்குக் காற்றோ படாத இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். எரிவாயுப் பகுதியை நாங்கள் தொடவேயில்லை. அந்நாட்டில் அதற்கெனப் பதிவு பெற்றவரே அப்பணியைச் செய்யலாம்.

எல்லாம் முறைப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. "பழைய கருவி சுவரிலேயே இருக்கட்டும்; அதன் முள்ளைப் பத்துப் பாகைக்குத் தாழ்த்திவிட்டால் போதும்" என்று சொன்னவன் நான். தலைமையாசிரியர் சொல்லை யார் மறுப்பார்?

அன்றிரவு புதிய கருவி இருபது பாகை வேண்டுமெனக் காட்டிக்கொண்டே இருந்தது, கொதிகலனோ எரியவில்லை. என் மனைவி எவரையும் எழுப்பவில்லை. விடியற்காலையில் அவள் கையைத் தொட்டேன். விரல்கள் விறைத்திருந்தன. நான் நடுங்கிப் போனேன்.

மகன் புதிய கருவியில் குறை தேடினான். எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, கருவியோடு வந்த படத்தில் கம்பிகளை விரலால் தொடர்ந்து சென்று, "தாத்தா, மின்சாரம் பழைய பெட்டியின் வழியாகத்தானே இன்னும் போகிறது? அதுவும் சம்மதித்தால்தானே எரியும்?" என்றாள். ஓடிச்சென்று பழைய முள்ளை முப்பதுக்குத் திருப்பினாள். சிறிது நேரத்தில் கொதிகலன் எரிந்தது!

நடைவழியில் பதினான்கு பாகை. பத்துக்கு வைத்த பழைய கருவி, 'இங்கே வெப்பம் போதும்' என்று சுற்றைத் திறந்தே வைத்திருந்தது. தொடர் இணைப்பில் ஓரிடம் திறந்தாலும் மின்னோட்டம் நின்றுவிடும். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய பாடம் இது! பின்னர் மின்பணியாளர் ஒருவரை வரவழைத்துப் பழைய கருவியை முறையாக நீக்கினோம்.

மாணவர்களே! மனப்பாடம் செய்த விதி தேர்வுத்தாளுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. படத்தின் மீது விரலை வைத்து, மின்சாரம் எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். பெரியவர் சொல்லே ஆயினும், ஐயம் எழுந்தால் கேளுங்கள். என் பேத்தி கேட்டாள். அவளுடைய பாட்டியின் அறை வெதுவெதுப்பாயிற்று.