ஒரே காலத்து இரண்டு அரசிகள்



ரிவர்ஸ்டன் மலைக் காற்று என்னைவிட உரக்கப் பேசுகிறது. மைக் என் பக்கம் இருப்பதால் நான் முந்திக்கொள்கிறேன்.

எகிப்து அரசி கிளியோபாட்ராவின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் கூடவே இன்னொருத்தியையும் அழைத்து வந்திருக்கிறேன். அவள் நம் இலங்கையின் அநுராதபுரத்துக்காரி. பெயர் அனுலா. மரபான கணக்குப்படி கி.மு. 47 முதல் 42 வரை இந்த நாட்டு அரண்மனையில் அவள் சொல்தான் நடந்தது. கிளியோபாட்ரா ஆண்டது கி.மு. 51 முதல் 30 வரை. இரண்டு பேரும் ஒரே காலத்தவர்கள். நம் பிள்ளைகளுக்குக் கிளியோபாட்ராவின் மூக்குவரை தெரியும், அனுலாவின் பெயர் தெரியாது. அந்தக் குறை எனக்கு உண்டு.

முதலில் எகிப்துக்காரி. எகிப்துக்காரி என்று சொல்வதும் பாதிதான் சரி. தாலமி வம்சம் மாசிடோனியக் கிரேக்க வம்சம். ஏறக்குறைய முந்நூறு வருடம் நைல் நதித் தண்ணீரைக் குடித்தவர்கள், அந்த மண்ணின் மொழியைப் படிக்கவில்லை. அதை முதலில் படித்தவள் கிளியோபாட்ராதான் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அழகைவிட அவள் பேச்சுத்தான் ஆளைக் கட்டிப்போட்டது என்றும் அவரே சொல்கிறார். சினிமாக்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டார்கள்!

அவள் குடும்பத்தைக் கேளுங்கள். அக்கா பெரனிக்கே அப்பாவுக்குப் போட்டியாகச் சிம்மாசனம் ஏறினாள். அப்பாவே அவளைக் கொன்றார். அப்பா இறந்தபோது கிளியோபாட்ராவுக்கு 18 வயது, கூட்டாக ஆள வேண்டிய தம்பிக்கு 10 வயது. தம்பியோடு போர் வந்தது. அவன் நைலில் மூழ்கிப் போனான். அடுத்த தம்பியும் நிலைக்கவில்லை, விஷம் என்று பேசினார்கள். தங்கை அர்சினோயி எபேசுஸ் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தாள். அவளையும் ரோமத் தளபதி அன்டனியின் ஆட்கள் கொன்றார்கள், அக்காவின் விருப்பப்படி. இதைக் காதல் கதை என்று எப்படித்தான் சொல்ல மனம் வருகிறதோ!

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். மாத்தளையில் அலுவிகாரையைக் கும்பிடாதவர் குறைவு. அங்கே திரிபிடகம் ஏட்டில் ஏறிய காலத்து அரசன் வலகம்பா. கி.மு. 103ல் தென்னகத்திலிருந்து வந்த தமிழ்த் தலைவர்களிடம் தோற்று, தேரில் தப்பி ஓடினான். பாரம் அதிகம், தேர் ஓடவில்லை. என்ன செய்தான்? இரண்டு அரசியரில் ஒருத்தியான சோமாதேவியை, அவள் சம்மதத்தோடு, இறக்கி விட்டான். முடிமணியை அவள் கையில் கொடுத்தான். இன்னொரு அரசியும் இரண்டு சிறுவர்களும் தேரில் போனார்கள். வென்றவர்களில் ஒருவன் சோமாதேவியைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனான். பதினான்கு வருடம் கழித்து வலகம்பா அரசை மீட்டதும் ஆளனுப்பி அவளை அழைத்து, பழைய இடத்தில் வைத்து, அவள் பெயரில் ஒரு விகாரையும் கட்டினான். அவ்வளவையும் மகாவம்சம் சொல்கிறது. ஆனால் அந்த வருடங்களில் அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

அந்தத் தேரில் உட்கார்ந்திருந்த சிறுவர்களில் ஒருவன்தான் மகாநாகன். வளர்ந்து சோரநாகன் என்ற பெயரில் அரசனானான். கலகக்காரனாகத் திரிந்த காலத்தில் தனக்கு இடம் கொடுக்காத பதினெட்டு விகாரைகளை இடித்தான். அவன் மனைவிதான் நம் அனுலா. கணவனுக்கு விஷம் வைத்தாள், அடுத்து வந்த திஸ்ஸனுக்கும் வைத்தாள், பிறகு வாயிற்காவலன் சிவன், தமிழன் வடுகன், விறகு சுமந்த திஸ்ஸன், தமிழ்ப் பிராமணன் நீலியன் என்று ஒருவர் பின் ஒருவராக அரசு கட்டிலில் ஏற்றி இறக்கினாள் என்று மகாவம்சம் அடுக்குகிறது. வடுகன் நகரத்துத் தச்சன், நீலியன் அரண்மனைப் புரோகிதன். நம்மவர் இருவர் என்று மார்தட்ட வேண்டாம். ஒருவருக்கு ஒரு வருடமும் இரண்டு மாதமும், மற்றவருக்கு ஆறு மாதம். கடைசியில் தானே ஆண்டாள், நான்கு மாதம்.

இதை எழுதியவர்கள் யார்? ஏறத்தாழ ஐந்நூறு வருடம் கழித்து வந்த துறவிகள். விகாரை இடித்தவன் வீட்டுப் பெண்ணைப் பற்றி அவர்கள் தேன் தடவியா எழுதுவார்கள்? அவள் விஷம் வைக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்த அரண்மனையில் யாருடைய கை சுத்தம்? விறகு சுமந்த திஸ்ஸன் ஒரு வருடத்தில் பூங்காவில் குளம் வெட்டினான் என்று நூல் ஞாபகமாகக் குறிக்கிறது. அந்தக் காலம் முழுக்க அதிகாரம் வைத்திருந்தவளின் பேரில் ஒரு வாய்க்கால்கூடக் குறிக்கப்படவில்லை, ஆசைகள் மட்டும் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. அரசன் இரண்டு அரசியரைத் தேரில் ஏற்றினால் அது அரச வழக்கம், அரசி ஆளை மாற்றினால் நரகம். கிளியோபாட்ராவுக்கும் இதே கதிதான். அவளை வென்ற ஒக்டேவியன் தரப்பின் கவிஞர்களும் சரித்திரக்காரர்களும் எழுதியதுதான் மிஞ்சியது. ஆனால் அவளுக்கு ஒரு யோகம்: தன் முகத்தைத் தானே காசில் அச்சிட்டுவிட்டுப் போனாள். வளைந்த மூக்கோடு, வைராக்கியமான முகம்.

அனுலாவுக்குப் பயந்து துறவறம் புகுந்த ஒருவன், குடகண்ண திஸ்ஸன், படையோடு திரும்பி வந்து அவளைக் கொன்றான். இருபத்திரண்டு வருடம் ஆண்டான். தன் தாய்க்காகப் பிக்குணிகள் மடம் ஒன்றும் கட்டினான். நூலில் அவன் நல்லவன்.

கிளியோபாட்ராவின் பிள்ளைகளைச் சொல்லாமல் இறங்க மனமில்லை. அன்டனிக்குப் பிறந்த மூவரையும் ரோமில் வளர்த்தவள் யார் தெரியுமா? அன்டனி கைவிட்ட மனைவி ஒக்டேவியா. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாடகம் எழுத நம் ஊரில் யாராவது முன்வர வேண்டும். அந்த மூவரில் மகள் செலினி வட ஆபிரிக்காவில் மௌரித்தானியாவின் அரசியானாள். மூத்தவன், சீசருக்குப் பிறந்த சிசேரியன். வயது 17. தோல்வி வாசலில் நின்றபோது, ஏராளமான பொருளோடு அவனைத் தாய் எங்கே அனுப்பினாள்? எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு! புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

ஏன் இந்தப் பக்கம்? செங்கடல் துறைகளிலிருந்து நம் கடலுக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அந்தத் துறைகளில் ஒன்றான பெரனிக்கேயில், பிற்காலத்து மண்ணுக்குள்ளிருந்து, தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடும், ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியத் தாழியும் கிடைத்தன. ரத்தோட்டையில் மிளகு காயப்போடும் நமக்கு அந்த வழியின் அருமை தெரியும்.

பையன் வந்து சேரவில்லை. ஆசிரியன் ரோடோன் திரும்பிப் போகலாம், அரசு கிடைக்கும் என்று ஆசை காட்டினான். திரும்பினான், கொல்லப்பட்டான். வந்திருந்தால்? அது கி.மு. 30. கப்பல் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி நம் கரையில் இறங்கியிருந்தால், ஓர் அரசியின் மகன் அடைக்கலம் கேட்டு நின்றிருக்க வேண்டிய வாசல் அநுராதபுரம். அங்கே அப்போது ஆண்டுகொண்டிருந்தவன் குடகண்ண திஸ்ஸன்.